தன் பெயர் வந்த சீட்டு

மலையடிவாரத்து மடம் ஒன்றில் பதினான்கு பேர் இருந்தார்கள். மார்கழி பிறந்ததும் அங்கே ஒரு வழக்கம் உண்டு. எல்லாருடைய பெயரையும் துண்டுச் சீட்டுகளில் எழுதி, அரிசி அளக்கும் படிக்குள் போட்டுக் குலுக்குவார்கள். ஆளுக்கு ஒரு சீட்டு. யார் பெயர் வருகிறதோ, மாதக் கடைசியில் அவருக்கு ஏதாவது ஒன்று கொடுக்க வேண்டும். யார் பெயர் வந்தது என்று சொல்லக் கூடாது. கொடுத்தது யார் என்றும் சொல்லக் கூடாது.

துறவிகளுக்குப் பரிசு எதற்கு என்று கேட்பவர்கள் மார்கழிக் கடைசியில் அங்கே போய்ப் பார்க்க வேண்டும். உலகத்தையே விட்டுவிட்டு வந்தவர்கள், பொட்டலத்தைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

பூலிங்கம் அங்கே வந்து பதினொரு வருடம் ஆகியிருந்தது. முன்பு லாரி ஓட்டியவர். வயது அறுபத்திரண்டு. குருவைவிடப் பத்து வயது மூத்தவர் என்பதால் குரு உட்பட எல்லாரும் அவரை அண்ணாச்சி என்றே கூப்பிட்டார்கள்.

கொடுப்பதில் அண்ணாச்சியை அடிக்க ஆளில்லை. வாங்கிக்கொள்வதுதான் அவருக்கு வராது. ஒரு வருடம் மஃப்ளர் வந்தது, சாயங்காலமே பால்காரர் கழுத்தில் இருந்தது. அடுத்த வருடம் வந்த போர்வை வாசலில் நின்ற பண்டாரத்துக்குப் போனது. மடத்தில் இதைப் பெருமையாகச் சொல்வார்கள். குரு மட்டும் ஒன்றும் சொன்னதில்லை.

அந்த வருடம் பூலிங்கம் எடுத்த சீட்டில் பூலிங்கம் என்று எழுதியிருந்தது.

வேறு யாராவது என்றால் சிரித்துக்கொண்டே சீட்டைத் திரும்பப் போட்டிருப்பார்கள். அவருக்கு விதி என்றால் விதி. சொல்லக் கூடாது என்றால் கூடாதுதான். மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு குருவிடம் போனார். குரு கிணற்றடியில் வேட்டி துவைத்துக்கொண்டிருந்தார்.

“சாமி, எனக்கு வந்த சீட்டை மாத்திக்கிடலாமா?”

“ஏன் அண்ணாச்சி?”

“அந்த ஆளுக்கு எதுவும் கொடுக்க மனசு வரல.”

“பேரைச் சொல்லாதீங்க. ஆள் எப்படி?”

“ஏமாத்துக்காரன், சாமி.”

“நம்ம மடத்திலயா?”

“ஆமா. எல்லாரும் நல்லவன்னு நம்பிக்கிட்டு இருக்காங்க.”

குரு வேட்டியைத் திருப்பிப் போட்டார்.

“அவர்கூடப் பேசிப் பார்த்தீங்களா?”

“அவன் மூஞ்சியைப் பார்க்கவே பிடிக்கல.”

“அப்ப நாளைக்குக் காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் அவர் பின்னாலேயே சுத்துங்க. என்ன செய்றார், எங்க நிக்கிறார், பாருங்க. எதுவும் சொல்ல வேண்டாம். பார்த்துட்டு வாங்க.”

பூலிங்கத்துக்கு ஏன்தான் கேட்டோம் என்றிருந்தது. ஆனால் குரு சொன்னால் சொன்னதுதான்.

மறுநாள் அவர் தன்னைப் பார்த்தார். பந்தியில் கடைசியாக உட்கார்ந்ததைப் பார்த்தார். தோசையில் கருகியதாகத் தேடி எடுத்ததைப் பார்த்தார். பதினோரு மணிக்கு, கூட்ட ஒரு சருகுகூட இல்லாத வாசலில், விளக்குமாறோடு நின்றதையும் பார்த்தார்.

தபால்காரர் வந்தார். ஒரு கார்டு கொடுத்துவிட்டுப் போனார். அதை இரண்டு தரம் படித்த பிறகும் கை கீழே வைக்கவில்லை.

சாயங்காலம் குருவின் முன்னால் போய் நின்றார்.

“அவனுக்கு ஊருக்குப் போகணும், சாமி.”

“சொன்னாரா?”

“சொல்லல. மார்கழி முழுக்க வாசல்ல நிக்கான். பொங்கலுக்கு வான்னு அவன் அக்கா எழுதுவா. வருஷா வருஷம் எழுதுவா. இன்னைக்கும் வந்தது.”

“அவர் பதில் எழுதினதே இல்லையா?”

“இல்ல. பெட்டியில வச்சுப் பூட்டிருவான்.”

“ஏன்?”

பூலிங்கம் கீழே உட்கார்ந்தார்.

“அக்கா வீட்டுக்காரரு ஆஸ்பத்திரியில கிடந்தாரு. ரத்தம் வேணும்னாங்க. இவன் ரத்தம் சேரும். ‘இதோ வாரேன் அக்கா’ன்னு சொன்னான். வழியில குடிச்சிட்டு லாரிக்குள்ளேயே படுத்துட்டான். யாரோ முகம் தெரியாதவங்க கொடுத்தாங்க. அப்பவும் மச்சான் பிழைக்கல. இவன் போனது மூணாம் நாள். அக்கா ஒரு வார்த்தை கேக்கல. சாப்பிடுன்னு இலையைப் போட்டா. அந்த இலையில உக்கார முடியாம எந்திரிச்சு வந்தவன்தான்.”

குரு சொன்னார்.

“அப்ப அவரை ஊருக்கு அனுப்புங்க.”

“அதுக்கு அவனுக்குத் தகுதி இல்ல, சாமி.”

“சீட்டுல அப்படி எழுதியிருந்ததா?”

பூலிங்கம் இடுப்பிலிருந்து சீட்டை எடுத்தார். பிரித்துப் பார்த்தார்.

“இல்ல. பேரு மட்டும்தான் இருக்கு.”

குரு எழுந்து விளக்கேற்றப் போய்விட்டார்.

மார்கழிக் கடைசியில், போகிக்கு இரண்டு நாள் முன்னால், பதினான்கு இலைகளுக்கு முன்னால் பதினான்கு பொட்டலங்கள் இருந்தன. ஒவ்வொருவராகப் பிரித்து, எல்லாரும் கேட்க, “வாங்கிக்கொண்டேன்” என்று சொல்ல வேண்டும். பிறகுதான் சாப்பாடு. கைத்தடி வந்தது, மூக்குக்கண்ணாடிக் கூடு வந்தது, ஒருவருக்குக் கடலைமிட்டாய் ஒரு டப்பா நிறைய வந்தது. அவர் அப்போதே இரண்டை வாயில் போட்டுக்கொண்டார்.

பூலிங்கத்தின் பொட்டலம் செய்தித்தாளில் சுற்றியிருந்தது. மூன்று நாள் முன்பு காய்கறி வாங்க டவுனுக்குப் போனபோது வாங்கி, அவரே சுற்றி, அவரே நூல் கட்டியது. உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாதா? ஆனாலும் நூலை அறுக்காமல் ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்தார்.

“என்ன அண்ணாச்சி அது?” என்று சமையல் பார்க்கும் தெய்வானையம்மாள் எட்டிப் பார்த்தார்.

“பஸ் டிக்கெட்.”

“சாயங்காலத்துக்குள்ள யாருக்குத் தூக்கிக் கொடுக்கப் போறீங்க?”

பந்தியில் எல்லாரும் சிரித்தார்கள். பூலிங்கம் சிரிக்கவில்லை.

“கொடுக்க முடியாதும்மா. பேரும் வயசும் போட்டிருக்கு. வேற யாரும் போக முடியாது.”

சிரிப்பு நின்றது. அவர் இன்னும் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. சோறு ஆறிக்கொண்டிருந்தது. ரசம் ஆறிக்கொண்டிருந்தது. யாரும் இலையில் கை வைக்கவில்லை. குருவும் காத்திருந்தார்.

வெகுநேரம் கழித்து, பக்கத்து இலைக்கு மட்டும் கேட்கிற குரலில், “வாங்கிக்கிட்டேன்” என்றார். அதற்குள் அவர் கண்கள் நிறைந்துவிட்டன. துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை.

பொங்கலுக்கு முந்தின நாள் காலை ஆறரைக்கு பஸ். வாசல் வரை குரு கூட வந்தார். பூலிங்கத்தின் தோளில் ஒரு பெரிய பை தொங்கியது.

“என்ன அண்ணாச்சி இவ்வளவு கனம்?”

“அக்காவுக்கு மலைத்தேன் ரெண்டு பாட்டில், சாமி. ஒரு சீப்பு மலைவாழை. அப்புறம் வழிக்குன்னு தெய்வானையம்மா புளியோதரை கட்டிக் கொடுத்தாங்க.”

“ஊர் எத்தனை மணிக்கு வரும்?”

“மத்தியானம் ரெண்டு ஆயிரும்.”

குரு பையை வாங்கித் திறந்தார். தேன் பாட்டில்களை எடுத்துக் கீழே வைத்தார். வாழைச் சீப்பை எடுத்தார். புளியோதரைப் பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டார். மாற்று வேட்டி மட்டும் கிடந்த பையைத் திருப்பிக் கொடுத்தார்.

பூலிங்கம் திகைத்துப் போனார்.

“பதினொரு வருஷம் கழிச்சுப் போறேன், சாமி. அவளுக்கு ஒண்ணுமே கொண்டுபோக வேண்டாமா?”

“பசியோட போங்க,” என்றார் குரு. “பதினொரு வருஷமா அவங்களால உங்களுக்குச் சோறு போட முடியல.”