அடித்த பெயர்கள்

"அந்தம்மா சொன்னதைக் கேட்க மாட்டேங்குது மேடம். பேரை அடிச்சிரலாமா?" என்று கேட்டான் தில்லைவனம்.

ஜெயசீலி சாப்பாட்டு டப்பாவைக் கழுவித் துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

தில்லைவனத்துக்கு ஐம்பது வயது. கோவில்பட்டிக்குக் கிழக்கே ஓர் ஊரில் பத்தொன்பது வருடமாகக் குழந்தைகளுக்குப் பேச்சுப் பயிற்சி மையம் நடத்துகிறான். அந்தப் பக்கத்தில் வேறு மையம் கிடையாது. ஜெயசீலிக்கு முப்பத்தெட்டு. மதுரையில் ஒரு கல்லூரியில் அதே படிப்பைச் சொல்லிக்கொடுப்பவள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை, வெளியூர்ப் பயிற்சியாளர்கள் தங்களுக்குப் பிடிபடாத குழந்தைகளைப் பற்றி அவளிடம் கேட்க வருவார்கள். அவர்களில் தில்லைவனம்தான் மூத்தவன். கேட்க வருவதாகச் சொல்வான். பெரும்பாலும் சொல்லிவிட்டுப் போவான்.

"என்ன சொன்னீங்க? எதைக் கேக்கலை?"

"பையனுக்கு நாலரை வயசு. பேச்சு சரியா வரலை. வீட்டில தெலுங்கு, ஸ்கூல்ல தமிழ். பிள்ளை குழம்பிப்போயிரும், வீட்டிலயும் தமிழ் மட்டும் பேசுங்கன்னேன். எட்டு மாசம் ஒழுங்கா இருந்தாங்க. இப்ப மறுபடி தெலுங்குக்குப் போயிட்டாங்க."

"ஏனாம்?"

"வீட்டில எட்டுப் பேராம். எல்லாருக்கும் வாயில தெலுங்குதான் வருதாம். இவன் உள்ள வந்தா எல்லாரும் பேச்சை நிறுத்திருவாங்களாம். 'சொந்த வீட்டில என் பிள்ளை விருந்தாளி மாதிரி உக்காந்திருக்கான் சார்'னு சொல்லுது."

ஜெயசீலி டப்பாவை மூடினாள்.

"அடிச்சிட்டீங்களா?"

"பேனாவை எடுத்தேன். அந்தம்மா நகரலை. 'என் கண்ணு முன்னாடி அடிங்க சார், பார்த்துட்டுப் போறேன்'னு மேசைக்கிட்டயே நின்னுருச்சு. பத்தொன்பது வருஷத்தில யாரும் அப்படிச் சொன்னதில்லை. சிவனேன்னு எந்திரிச்சுப் போயிருவாங்க."

"அதான் என்கிட்ட வந்தீங்களா?"

"ஒரு வார்த்தை கேட்டுட்டு அடிக்கலாம்னு."

"ஒரே மொழியாக்கினா பிள்ளை பேசும்னு எப்படித் தெரியும் உங்களுக்கு?"

தில்லைவனம் இந்தக் கேள்விக்காகவே பையில் ஒரு நீள நோட்டை எடுத்துவந்திருந்தான். காக்கி அட்டை போட்டது. அதை மேசைமேல் வைத்து அவள் பக்கம் திருப்பினான்.

"ரெண்டு மொழி பேசுற வீட்டிலேர்ந்து வந்த பிள்ளைங்க மட்டும் இதுல இருக்கு. அறுபத்து மூணு."

"நாயன்மார் மாதிரி."

"சிரிக்காதீங்க மேடம். பாதிக்கு மேல இன்னிக்கு நல்லாப் பேசுது. எப்பப் பார்த்தாலும் ஆராய்ச்சி, ஆராய்ச்சிங்கிறீங்களே, அப்ப இது என்ன?"

ஜெயசீலி பக்கங்களைப் புரட்டினாள். ஓரிடத்தில் விரலை வைத்தாள்.

"இந்தச் சிவப்புக் கோடு?"

"சொன்னதைக் கேக்காதவங்க. அடிச்சிருவேன்."

"எத்தனை பேர்?"

"பதினொண்ணு."

"அவங்கள்லாம் வீட்டில ரெண்டு மொழியும் பேசினவங்க."

"ஆமா."

"அந்தப் பிள்ளைங்க இப்பப் பேசுதா?"

"எனக்கெப்படித் தெரியும்? அதான் அடிச்சாச்சே."

ஜெயசீலி நோட்டை மூடி அவன் பக்கம் தள்ளினாள்.

"ஒரு கோடுதான் போட்டிருக்கீங்க. பேரெல்லாம் நல்லாப் படிக்க முடியுது. போய்ப் பாருங்க."

"எதுக்கு?"

ஜெயசீலி அடுத்துக் காத்திருந்த பெண்ணைக் கைகாட்டிக் கூப்பிட்டாள்.

தில்லைவனம் எழுந்தான். நாற்காலி பின்னால் சரிந்து சுவரில் இடித்தது.

"போறேன். போய்ப் பார்த்துட்டு வந்து உங்க முன்னாடியே காட்டுறேன்."

"காட்டுங்க."

*

ஊருக்குத் திரும்பியதும், பெயரை அடிக்க விடாமல் நின்ற அந்த அம்மாவிடம் போனில் சொன்னான். அவள் பெயர் ஜக்கம்மாள். தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கிறவள்.

"கொஞ்ச நாள் வராதீங்க. நானே சொல்லி அனுப்புறேன்."

அவள் வந்தாள். செவ்வாய்க்கிழமை பத்து மணி அவள் மகன் சித்தேஷுக்கு ஒதுக்கிய நேரம். பத்துக்கு வந்து வராந்தா பெஞ்சில் பையனோடு உட்கார்ந்தாள். குரலைத் தணிக்காமல் தெலுங்கில் பேசினாள். பதினொன்றுக்கு எழுந்து போனாள். அடுத்த செவ்வாயும் வந்தாள். அதற்கடுத்த செவ்வாயும்.

தில்லைவனம் கதவைச் சாத்திக்கொண்டு வேறு குழந்தைகளுக்குப் பயிற்சி கொடுத்தான். சாத்திய கதவு வழியாகத் தெலுங்கு கேட்டது.

*

பதினொரு பெயர்களில் மூன்று குடும்பங்கள் திருப்பூருக்குப் போய்விட்டிருந்தன. விலாசம் கிடைக்கவில்லை. மீதி எட்டுப் பேரையும் மொபெட்டில் தேடிப் போனான்.

முதலாமவன் சேவுக் கடையில் இருந்தான். பதினாறு வயது. சனி ஞாயிறில் மட்டும் மாமா கடையில் நிற்கிறவன். தராசில் சேவு நிறுத்துக்கொண்டே எதிரில் நின்றவரிடம் தமிழிலும், தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கியிருந்த போனில் தெலுங்கிலும் பேசிக்கொண்டிருந்தான். தில்லைவனத்தைப் பார்த்ததும் போனை வைத்தான்.

"நீங்க எங்கம்மாவை வெளிய போகச் சொன்ன சார்தானே?"

"ஆமாப்பா."

"காரமா, இனிப்பா?"

தில்லைவனம் கால் கிலோ காரச் சேவு வாங்கிக்கொண்டான்.

இரண்டாவது வீட்டில் ஓர் அம்மா அவனை அடையாளம் கண்டதும் கதவைச் சாத்தினாள். சாத்திய கதவுக்குப் பின்னால் ஒரு பிள்ளை, "யாரும்மா?" என்று கேட்டது. அதை எழுதிக்கொண்டான்.

நான்காவது வீடு ஒரு சைக்கிள் கடையின் பின்பக்கம். பெண்ணுக்குப் பன்னிரண்டு வயது. அவளுக்கு எந்த மொழியிலும் பேச்சு வரவில்லை என்றார் அப்பா.

"வரலைல்ல?" என்றான் தில்லைவனம். தன் குரலில் இருந்த வேகம் அவனுக்கே கேட்டது.

சைக்கிள்காரர் சக்கரத்திலிருந்து கையை எடுக்கவில்லை.

"அவ பேசலை சார். நாங்க பேசுறோம்."

பிறகு மகளைப் பார்த்துத் தெலுங்கில் ஏதோ சொன்னார். அவள் எழுந்து போய், பெட்டியில் கிடந்த நான்கு ஸ்பானர்களில் ஒன்றை எடுத்துவந்து கொடுத்தாள். அவர் அதை வாங்கி நட்டில் பொருத்தினார். சரியாக இருந்தது.

எட்டு வீடும் முடிந்த சாயங்காலம் மையத்துக்கு வந்து நோட்டைத் திறந்தான். எட்டில் ஐந்து பேசியது. ஒன்று சில வார்த்தைகள் மட்டும். இரண்டு பேசவில்லை.

பிறகு அடிக்காத பெயர்களை முதல்முறையாக ஒவ்வொன்றாக எண்ணினான். பேச்சு வந்த பிள்ளைகளின் பெற்றோர் ஸ்வீட் பாக்ஸோடு வந்து சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். அவர்கள் முகங்கள் நினைவிருந்தன. மற்றவர்களுக்குப் போன் செய்து கேட்க வேண்டியிருந்தது. அதற்கு நாலு நாள் ஆனது.

*

"எட்டுக்கு அஞ்சு," என்றான் அடுத்த மாதம் ஜெயசீலியிடம். "சொன்னதைக் கேட்டவங்க ஐம்பத்திரண்டுக்கு முப்பத்தொண்ணு."

"காட்டுறேன்னீங்களே?"

"எட்டுப் பேரை வச்சு என்ன சொல்ல முடியும் மேடம்? இதெல்லாம் ஒரு ஆதாரமா? நாளைக்கே இன்னும் எட்டுப் பேர் வந்தா மாறிப்போகும்!"

"ஆமா. ஒண்ணும் சொல்ல முடியாது."

சண்டைக்கென்று வந்திருந்தவன் நோட்டை மூடிவைத்தான்.

அவள் இழுப்பறையிலிருந்து பின் அடித்த ஆராய்ச்சிக் கட்டுரைகள் ஐந்தை எடுத்துக் கொடுத்தாள்.

"வெளிய காத்தாட உக்காந்து படிங்க. வகுப்பை முடிச்சிட்டு வரேன்."

இரண்டு மணி நேரம் கழித்து வந்தாள். தாள்களில் அவன் கோடு போட்டிருந்தான். மூலைகளில் கேள்விக்குறிகள் இருந்தன.

"இது கனடா. இது அமெரிக்கா. இதுவும் அமெரிக்கா. கரிசக்காட்டுத் தெலுங்குப் பிள்ளைங்களை ஒருத்தரும் பாக்கலை."

"பாக்கலை."

"பாத்ததும் கொஞ்சம் பிள்ளைங்கதான். இருபது, முப்பது."

"ஆமா."

"அப்ப இதை எப்படி நம்புறது?"

"அது தாங்குற அளவுக்கு நம்புங்க. என்ன சொல்லுது?"

தில்லைவனம் தாளைப் பார்த்தபடியே சொன்னான்.

"ரெண்டு மொழி கேட்டதால பிள்ளைங்க பின்தங்கினதாத் தெரியலைங்குது."

"வீட்டு மொழியை நிறுத்தினா பேச்சு சீக்கிரம் வருதுன்னு?"

அவன் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினான். மறுபடி கலைத்தான்.

"தேடினேன். இதுல இல்லை."

"அந்தம்மாவை வாயை மூடச் சொன்னீங்களே சார், அது எந்த நாட்டு ஆராய்ச்சி?"

கீழே சாலையில் ஒரு பஸ் விடாமல் ஹாரன் அடித்தது. அது போகும்வரை அவள் காத்திருந்தாள்.

"எங்க சார் சொல்லிக் கொடுத்தது," என்றான் தில்லைவனம்.

"அவருக்கு?"

"அவரோட சார் சொல்லியிருப்பார்."

தில்லைவனம் நோட்டைத் திறந்து புதுப் பக்கத்தை எடுத்தான். பேனாவின் மூடியைக் கழற்றினான்.

"சரி மேடம். தோத்துட்டேன்னே வச்சுக்கங்க. இனிமே வீட்டில எந்த மொழியும் பேசலாம். மேடம் சொன்னாங்கன்னு எழுதிக்கிறேன்."

ஜெயசீலி கையை நீட்டி, அவன் விரலிடுக்கிலிருந்து பேனாவை உருவினாள். மூடியைப் போட்டாள். தன் கைப்பையில் வைத்து ஜிப்பை இழுத்தாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"மேடம், அது என் பேனா."

"நான் ஒண்ணும் சொல்லலையே சார்," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

*

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு ஜக்கம்மாள் வந்தாள். பெஞ்சில் ஏற்கெனவே இரண்டு அம்மாக்கள் உட்கார்ந்திருந்தார்கள். சித்தேஷை மடியில் இருத்திக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தாள்.

தில்லைவனம் கதவைத் திறந்து வெளியே வந்தான்.

"நீங்க வீட்டில தெலுங்கு பேசலாம்மா."

"பேசிக்கிட்டுத்தான் இருக்கேன்."

"அதில்லை. பேசினா தப்பில்லைன்னு சொல்றேன். படிச்சுப் பார்த்தேன். பிள்ளைக்குக் கெடுதல்னு எதுலயும் இல்லை."

"இப்பப் படிச்சீங்களா?"

"ஆமா."

"எட்டு மாசம் என்னை வாயை மூடச் சொன்னீங்களே சார். அன்னிக்கு எதைப் படிச்சிட்டுச் சொன்னீங்க?"

பெஞ்சில் இருந்த இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். தில்லைவனத்துக்குச் சொல்ல நிறைய இருந்தது. பத்தொன்பது வருடம். ஐம்பத்திரண்டு பிள்ளைகள். தன் ஆசிரியர்.

"ஒண்ணும் படிக்கலை," என்றான்.

ஜக்கம்மாள் அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். முகம் இளகவில்லை.

"மொத மொதல்ல இங்க கூட்டிட்டு வந்தப்ப இவன்கிட்ட ஏழு வார்த்தை இருந்துச்சு. ஏழும் தெலுங்கு. அதுல மூணை இப்பச் சொல்றதில்லை. அது திரும்ப வருமான்னு நீங்க படிச்சதுல போட்டிருக்கா?"

"போடலைம்மா."

"வருமா?"

"தெரியலை."

"இந்த ஒண்ணை முதல்லயே சொல்லியிருக்கலாம்," என்றாள். பையனை இறக்கிவிட்டு எழுந்தாள். "சரி, நகருங்க. அவன் நேரத்தில பத்து நிமிஷம் போச்சு."

தில்லைவனம் வாசலை விட்டு நகர்ந்தான்.

ஜக்கம்மாள் குனிந்து மகன் காதருகே தெலுங்கில் ஏதோ சொன்னாள். பையன் தலையைத் தூக்கித் தில்லைவனத்தைப் பார்த்தான். வாய் விட்டுச் சிரித்தான். பெஞ்சில் இருந்த ஓர் அம்மாவும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

தில்லைவனத்துக்குத் தெலுங்கு தெரியாது.

"என்ன சொன்னீங்க?" என்று கேட்டான்.

"அவனைக் கேளுங்க," என்றாள் ஜக்கம்மாள்.