ஊதாப் பூவும் செங்கமலம் டீச்சரும்

ஆவாரங்குளத்துக் கரையில் ஒரு பள்ளிக்கூடம் நடந்துவந்தது. நடத்தியவள் செங்கமலம் என்கிற தாழைக்கோழி. பிள்ளைகள் என்று பார்த்தால் ஒரு நாரைக்குஞ்சு, இரண்டு ஆமைக்குட்டிகள், எண்ணிமாளாத தவளைக்குட்டிகள்.

செங்கமலம் பாடம் நடத்தும் விதமே தனி. ஈரமண்ணில் கால்நகத்தால் குளத்தை வரைவாள். அங்கிருந்து வாய்க்கால், ஆறு, கடல், பனிமலை என்று கோடு நீளும். ஓரிடத்தில் நிறுத்திவிட்டு, "இதுக்கு அப்பால என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது. யாரைக் கேக்கலாம்?" என்பாள். பிள்ளைகள் மழைக்காலத்தில் வந்திறங்கும் வெளியூர்ப் பறவைகளிடம் ஓடுவார்கள். ஆளுக்கொரு கேள்வி கேட்டுவர வேண்டும். அதுதான் வீட்டுப்பாடம்.

இது குளத்துத் தலைவர் மாசிலாமணிக்குப் பிடிக்கவில்லை. பெயர்தான் மாசிலாமணி, எந்நேரமும் சேற்றிலேயே கிடக்கும் எருமை அவர். வெளியூர்ப் பறவைகளோடு பேசக்கூடாது என்பது அந்தக் குளத்தின் பழைய கட்டுப்பாடு. அதை மீறியதும் போதாதென்று பிள்ளைகள் முன்னால் தெரியாது என்று வேறு சொல்கிறாளே என்று அவருக்கு ஆத்திரம். எதிர்க்கரையில் கொக்கு வாத்தியார் இருக்கிறார். ஒற்றைக்காலில் நிற்பதை மட்டும் வருஷக்கணக்காகச் சொல்லிக்கொடுக்கிறார். அவர் ஒருநாளும் தெரியாது என்று சொன்னதில்லை.

அந்த ஐப்பசியில் வெள்ளம் ஒரு செடியை அடித்துக்கொண்டுவந்து போட்டது. தண்ணீரில் மிதக்கும் செடி. உப்பிய தண்டு, ஊதா நிறப் பூ. மாசிலாமணி சொக்கிப்போனார். முதல் வேலையாகத் தான் படுக்கும் இடத்தைச் சுற்றி நாலு கொத்து விட்டுக்கொண்டார். பிறகு, வீட்டுக்கு ஒரு கொத்து பிய்த்துக் குளம் முழுக்கப் பரப்ப வேண்டும் என்று உத்தரவு போட்டார்.

இது என்ன செடி என்று பிள்ளைகள் கேட்டார்கள். செங்கமலத்துக்குத் தெரியவில்லை. தெரியாத ஒன்றை எப்படிப் பரப்புவது, முதலில் விசாரிப்போம் என்று சொல்லித் தன் பங்குக் கொத்தை வாங்க மறுத்துவிட்டாள். விஷயம் தலைவர் காதுக்குப் போனது. ஊரைக் கூட்டி அவளை நடுவில் நிறுத்தினார்.

"கார்த்திகைப் பௌர்ணமி வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள நீ செடியைத் தண்ணியில விடலைன்னா பள்ளிக்கூடம் கொக்கு வாத்தியாருக்குப் போயிரும்மா."

அந்தப் பிள்ளைகளை விட்டால் செங்கமலத்துக்கு வேறு எதுவுமில்லை. ஆனாலும் தான் சொல்லிக்கொடுத்த பாடத்தின்மேல் அவளுக்கு நம்பிக்கை இருந்தது.

"பௌர்ணமி வரைக்கும் நாள் இருக்குல்ல தலைவரே, அது போதும்" என்றாள்.

பௌர்ணமிக்கு மூன்று நாள் முன்பு, வடக்கேயிருந்து உள்ளான் பறவைக் கூட்டம் வந்திறங்கியது. பிள்ளைகள் பறந்தடித்துக்கொண்டு ஓடினார்கள். இது நல்ல செடியா கெட்ட செடியா என்று யாரும் கேட்கவில்லை. செங்கமலத்திடம் படித்த பிள்ளைகள் அப்படிக் கேட்க மாட்டார்கள். ஆமைக்குட்டி ஒன்று கழுத்தை நீட்டி, "இதை எங்கெங்க பாத்தீங்க? செடி வர்றதுக்கு முன்னாடி அங்க தண்ணி எப்படி இருந்துச்சு, இப்ப எப்படி இருக்கு?" என்றது.

மூத்த உள்ளானின் முகம் மாறியது.

"ஏழு ஏரியில பாத்துட்டோம், கண்ணு. மொத வருஷம் ரெண்டு மூணு கொத்துதான். மறு வருஷம் தண்ணியே கண்ணுக்குத் தெரியல. மீனெல்லாம் மூச்சுமுட்டிச் செத்துப்போச்சு. இப்ப நாங்க அங்க எறங்குறதே இல்ல."

பிள்ளைகள் இதை அப்படியே வந்து சொன்னார்கள். ஊர்சுற்றிப் பறவைகளின் பேச்சு என்று மாசிலாமணி வாலால் ஈ விரட்டுவதுபோல் தள்ளிவிட்டார். செங்கமலம் வாக்குவாதம் செய்யவில்லை. அவர் விட்ட நாலு கொத்து இப்போது எத்தனை ஆகியிருக்கிறது என்று அவரையே போய்ப் பார்க்கச் சொன்னாள்.

அதுவரை பூவைத் தவிர வேறெதையும் கவனிக்காத அவர், பார்த்துவிட்டால் போயிற்று என்று தன் இடத்தில் இறங்கினார். தண்ணீர் தெரியவில்லை, பச்சைதான் தெரிந்தது. தண்ணீரைத் தேடித் தலையை உள்ளே விட்டவருக்கு வெளியே எடுக்க முடியவில்லை. வேர்கள் கொம்பில் சுற்றிக்கொண்டன. மூச்சு திணறிக் காலை உதைத்தார். நாரைகளும் ஆமைகளும் சேர்ந்து இழுத்து அவரைக் கரையேற்றினார்கள். ஒவ்வொரு கொம்பிலும் ஒரு கொத்து ஊதாப் பூவோடு அவர் நின்ற நிலையைப் பார்த்துத் தவளைக்குட்டிகள் சிரித்துவிட்டன. செங்கமலம் அவர்களை அதட்டினாள், அவளுக்கும் சிரிப்பு வரத்தான் செய்தது.

அன்றே ஊர் முழுக்கத் தண்ணீரில் இறங்கியது. மூன்றே நாளில் ஒரு வேர் விடாமல் பிடுங்கிக் கரையில் காயப்போட்டார்கள். கொக்கு வாத்தியார்கூட அந்த மூன்று நாளும் இரண்டு காலையும் ஊன்றி வேலை செய்தார்.

பௌர்ணமிக்கு மறுநாள் பள்ளிக்கூடத்தில் பின்வரிசை முழுவதையும் அடைத்துக்கொண்டு மாசிலாமணி உட்கார்ந்திருந்தார். வெகுநேரம் அசைபோட்டுவிட்டுத் தயங்கித் தயங்கி வாயைத் திறந்தார்.

"டீச்சர், எனக்கும் ஒரு கேள்வி இருக்கு. அந்த உள்ளானுங்க ஊர்ல எருமைங்க உண்டா?"

செங்கமலம் சிறகை நீட்டி எதிர்க்கரையைக் காட்டினாள். "அதோ மேயுறாங்க. நீங்களே போய்க் கேட்டுட்டு வாங்க தலைவரே."

தன்னிடம் இல்லாத பதிலை உலகத்திடம் கேட்டுவரப் பிள்ளைகளை அனுப்பும் ஆசிரியரே, பிள்ளைகளோடு சேர்த்து ஊரையும் காப்பாற்றுகிறார்.