இது மேல ரயில் வராதுண்ணா

மில்லு லைன்ல கடைசி ரயில் போய் பதினஞ்சு வருஷம் ஆச்சு. ரயில் போச்சு, பாலம் போகல. தெருவுக்கு மேல, ரெண்டாவது மாடி ஜன்னல் ஒசரத்துல, கல்தூண் மேல அப்படியே நின்னுச்சு. கீழ ஜனத்துக்கு நெழலு. மேல காக்காய்க்கு ரோடு.

போன தை மாசம் அந்த வட்டாரத்து ஜனமெல்லாம் சேந்து, மேல தோட்டம் போடலாம்னு முடிவு பண்ணாங்க. அனுமதி வாங்கி, பூட்டிக் கெடந்த படிக்கட்டைத் தெறந்தாங்க. ஏறிப் பாத்தா மண்ணே இல்ல. எல்லாம் கருங்கல் ஜல்லி. மண்ணு வேணும்னா கீழேருந்து ராட்டினம் போட்டு பக்கெட் பக்கெட்டா இழுக்கணும். இழுத்தாங்க. நாலு மாசம் இழுத்து, பாய் விரிக்கிற அளவுக்குத்தான் மண்ணு சேந்துச்சு.

தோட்டத்துக்குத் தலைமை பல்கீஸ். முப்பத்தொம்பது வயசு. நர்சரியில பதினெட்டு வருஷம் வேலை பாத்தவ. ஏதாவது கேள்வி கேட்டா பதிலுக்கு ஒரு செடியை எடுத்துக் கையில குடுப்பா. பேச்சு அவ்வளவுதான்.

சிஷ்யன் பேரு தேசிங்கு. வயசு அறுபத்தொண்ணு.

சிரிக்காதீங்க. குருவை விட சிஷ்யன் பெரியவனா இருக்கக் கூடாதுன்னு எங்கயும் போர்டு மாட்டல.

தேசிங்கு ரயில்வேல கேங்மேன். இதே மில்லு லைன்ல இருபத்தாறு வருஷம். போல்ட்டு முடுக்குறது, தண்டவாளத்தைத் தாங்குற கட்டைக்கு அடியில ஜல்லி குத்துறது, எல்லாத்துக்கும் மேல புல்லு பிடுங்குறது. தண்டவாளத்துல பச்சையா எது மொளைச்சாலும் ஆகாது. வேர் விட்டா தண்ணி நிக்கும், தண்ணி நின்னா கட்டை எறங்கும், கட்டை எறங்கினா ரயில் எறங்கும். "என் லைன்ல பூதக்கண்ணாடி வெச்சுத் தேடு, ஒரு பச்சை கெடைக்காது"ன்னு மீசையைத் தடவிக்கிட்டே சொல்லுவாரு.

அப்படிப்பட்ட ஆளு, தோட்டம்னு கேள்விப்பட்டதும் மொத ஆளா வந்து பேரு குடுத்தாரு.

அங்கதான் வெனை.

தெருப் பசங்க அறுபது பேரு, அந்த மண்ணுல ஆளுக்கொரு பிடி அள்ளி தண்டவாளத்துக்கு நடுவுல வரிசையா கொட்டி, ஒரு வெண்டை வெதை போட்டு, பக்கத்துல பேரு எழுதின குச்சி நட்டிருந்தாங்க. எல்லாம் ரெண்டு எலை விட்டிருந்துச்சு. ஒரு நாள் விடியக்காலம் தேசிங்கு மேல ஏறினாரு. ஏதோ பழைய நெனப்புல குனிஞ்ச தலை நிமிராம நடந்தாரு. கோடி வரைக்கும் போய்த் திரும்பிப் பாத்தாரு.

குச்சி நின்னுச்சு. அறுபது குச்சி.

கையைப் பாத்தாரு. அறுபது கன்னும் வேர் மண்ணை உதறி, நாரால அழகா கட்டு கட்டி, தயாரா இருந்துச்சு.

யாரும் பாக்கல. ஆடு மேஞ்சுதுன்னு சொல்லியிருக்கலாம். மேம்பாலத்துல ஆடு ஏது, அது வேற விஷயம். தேசிங்கு நேரா சாந்தகுமாரி ஜன்னலுக்குப் போனாரு. தோட்டக் கமிட்டிக்குச் செயலாளர் அந்தம்மாதான். அவங்க சமையல்கட்டு ஜன்னல் பாலத்தைப் பாத்து இருக்கு. உள்ள தோசை வாத்துக்கிட்டு இருந்தாங்க.

"யம்மா, பசங்க செடியை நான் பிடுங்கிட்டேன்."

"எதையண்ணே?"

"எல்லாத்தையும்."

தோசை கருகிடுச்சு.

அன்னிக்குச் சாயங்காலமே பாலத்துக்கு அடியில கூட்டம் கூடிடுச்சு. தூணுக்கடியில இஸ்திரி போடுற கன்னியப்பன்தான் மொதல்ல தொண்டையைக் கனைச்சாரு.

"இன்னா சார் இது அக்குறும்பு? எம் பொண்ணு மத்தியானத்துலேந்து அழுவுது. அதுக்கு வெண்டைக்காயே ஆவாது சார். சாம்பார்ல போட்டா பொறுக்கிப் போட்டுரும். ஆனா அழுவுது!"

"வேணும்னேவா பண்ணாரு?" ஒருத்தர் கேட்டாரு.

"வேணும்னு பண்ணா திருத்தலாம். இது கை தானா பண்ணுது. கையை இன்னா பண்ணுவே?"

சாந்தகுமாரி எல்லாரையும் அமத்தினாங்க. "அதாவது, அவரை இனிமே மேல விடுறதா வேணாமான்னு ஞாயித்துக்கெழமை கூட்டத்துல பேசிக்கலாம். அதாவது, அதுவரைக்கும் அவர் பல்கீஸ் கூடத்தான் மேல ஏறணும்."

தேசிங்கு தலையாட்டினாரு. மேல் துண்டை எடுத்து, ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னாடி வெச்சு, "கொஞ்சம் முடிச்சு போடும்மா"ன்னு பல்கீஸ்கிட்ட திரும்பி நின்னாரு.

பல்கீஸ் அவரை ஒரு நிமிஷம் பாத்தா. முடிச்சு போட்டா. ரொம்பத் தளர்வா.

மறுநாள் காலையில ரெண்டு பேரும் மேல ஏறினாங்க. தேசிங்கு, முதுகுல துண்டு முடிச்சோட, தண்டவாளத்துக்கு நடுவுல கட்டை கட்டையா கால் வெச்சு நடந்தாரு.

"வாத்தியாரம்மா."

"ம்."

"வீட்ல உக்காந்தா கால் மரத்துப் போவுது. இங்க நடந்தா ஒண்ணும் தெரியல. ஞாயித்துக்கெழமை வேணாம்னு சொல்லிட்டாங்கன்னா, அப்புறம் நான் எங்க நடப்பேன்?"

பல்கீஸ் அவர் கூடவே நடந்தா.

"இந்தக் கைக்குச் செடி நடக் கத்துக் குடு. ஒண்ணே ஒண்ணு. அது போதும்."

பல்கீஸ் துண்டை அவுத்தா. வீட்லேருந்து கொண்டாந்த ஒரு வெண்டைக் கன்னைக் கையில குடுத்தா.

தேசிங்கு முட்டி போட்டாரு. குழி பறிச்சாரு. கன்னை எறக்கினாரு. மண்ணைத் தள்ளினாரு. எல்லாம் சரியாத்தான் போச்சு. அப்புறம் ஜல்லி குத்துற பழைய கம்பியை எடுத்தாரு. சுத்தி ஜல்லியை அள்ளிப் போட்டாரு. அந்தக் கன்னைச் சுத்தி நாலு பக்கமும் குத்து குத்துன்னு குத்தினாரு. எழுந்து ஏறி மிதிச்சாரு. குனிஞ்சு, ஒத்தைக் கண்ணை மூடி, மட்டம் பாத்தாரு.

"ஆடாது. அசையாது" அப்படின்னாரு, பெருமையா.

பல்கீஸ் எட்டிப் பாத்தா. கல்லுக்கு நடுவுல ஒரு எலை நுனி மட்டும் தெரிஞ்சுது.

"ண்ணா."

"ம்?"

"இது மேல ரயில் வராதுண்ணா."

தேசிங்கு மொதல்ல சிரிச்சாரு. அப்புறம் சிரிப்பு நின்னு போச்சு. ஜல்லியை வெரலால ஒவ்வொண்ணா எடுத்தாரு. கன்னு தண்டு நசுங்கிக் கெடந்துச்சு. உள்ளங்கையில வெச்சுக்கிட்டு உக்காந்துட்டாரு.

"அறுபத்தொண்ணு" அப்படின்னாரு.

அவரு வயசைச் சொன்னாரா, செத்த கன்னைச் சொன்னாரான்னு பல்கீஸ் கேக்கல. பக்கத்துலயே தண்டவாளத்து மேல உக்காந்தா. வேற ஒண்ணு கேட்டா.

"ண்ணா, இருபத்தாறு வருஷமா பிடுங்கினீங்களே. பிடுங்கினதை எங்க போட்டீங்க?"

"குப்பையை எங்க போட்டா என்னம்மா?"

"சும்மா சொல்லுங்க."

"கீழ போட முடியாது. ஜனம் நடக்குது, தலையில விழும். மேஸ்திரி எரிக்கச் சொன்னாரு. நாந்தான் வேணாம்னுட்டேன்."

"ஏன்?"

"ஜன்னல்ல துணி காயும்மா. ஒரு வீட்ல கைக்கொழந்தைத் துணியா காயும். வெள்ளை வெள்ளையா, சின்னச் சின்னதா. பொகை அடிச்சா அது உடம்புக்குத்தான ஆவாது?"

"அப்ப?"

"மில்லுக்குச் சரக்கு எறக்குற மேடை ஒண்ணு இருக்கு, மூணு பக்கம் செவரு வெச்சு. மில்லுல புது மேடை கட்டினதும் அது சும்மா கெடந்துச்சு. கேங்குல ஆறு பேரு. ஆளுக்கொரு கட்டு, தலையில தூக்கிட்டுப் போய் அங்க வீசிருவோம். தெனம்."

பல்கீஸ் எழுந்தா.

"காட்டுங்க."

அந்த மேடைப் பக்கம் கமிட்டிக்காரங்க யாரும் போறதில்ல. ஒரே புதரு. ஆமணக்கு, தும்பை, குப்பைமேனி, நடுவுல யாரும் நடாத ரெண்டு பப்பாளி மரம், காயோட. பாம்பு இருக்குன்னு பேச்சு. ரெண்டு பேரும் அந்தப் பக்கம் திரும்புறதைப் பாத்துட்டு, கீழேருந்து கன்னியப்பன் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிக் காட்டிக் கத்தினாரு.

"யக்கா! அங்க போவாதே! நல்ல பாம்பு கீது!"

"நீ பாத்தியா?" பல்கீஸ் கேட்டா.

"பாத்தவன் சொன்னான்!"

"அவன் பாத்தானா?"

கன்னியப்பன் யோசிச்சாரு. துணியை இஸ்திரி போடப் போயிட்டாரு.

தேசிங்கு கொம்பால தட்டித் தட்டி வழி பண்ணாரு. பல்கீஸ் புதருக்குள்ள ஒரு எடத்துல உக்காந்து, மேல கெடந்த சருகை ஒதுக்கினா.

"கையை விடுங்க."

"எதுக்குள்ள?"

"இதுக்குள்ள."

தேசிங்கு கையை விட்டாரு. வெரலு போச்சு. மணிக்கட்டு போச்சு. முழங்கை போச்சு. எங்கயும் கல்லு தட்டல. உள்ள வெதுவெதுன்னு இருந்துச்சு. ஏதோ ஒண்ணு வெரலுக்கு நடுவுல நெளிஞ்சுது. ஒரு பிடி எடுத்து வெளிய கொண்டாந்தாரு.

கருப்பு. காப்பித்தூள் மாதிரி. அதுல ரெண்டு மண்புழு.

"எங்க புல்லு எங்கம்மா?" தேசிங்கு கேட்டாரு.

பல்கீஸ் அவர் கையைப் பாத்தா. அதுல இருந்த மண்ணை வெரலால தொட்டுக் காட்டினா. தேசிங்கு ரொம்ப நேரம் அந்த மண்ணைக் கீழ போடாம வெச்சிருந்தாரு.

ஞாயித்துக்கெழமை கூட்டத்தை மேலயே வெச்சுக்கலாம்னு பல்கீஸ் சொல்லிட்டா. எல்லாரும் ஏறி வந்தாங்க. பசங்க குச்சியைக் கையில பிடிச்சுக்கிட்டு வந்தாங்க. தேசிங்கு யாரையோ விட்டு மறுபடியும் கையை முதுகுக்குப் பின்னாடி துண்டால முடிஞ்சுக்கிட்டு, தள்ளி ஓரமா நின்னாரு.

சாந்தகுமாரி நோட்டைத் திறந்தாங்க. "அதாவது, மொத விஷயம்..."

பல்கீஸ் ஒரு பக்கெட்டைக் கொண்டாந்து நடுவுல வெச்சா.

சாந்தகுமாரி குனிஞ்சு பாத்தாங்க. கையில எடுத்தாங்க. மோந்து பாத்தாங்க. "ஏம்மா, எங்க கெடைச்சுது இது? எத்தனை பக்கெட் வரும்?"

பல்கீஸ் மேடையைக் காட்டினா. புதரைப் பாதி ஒதுக்கியிருந்தாங்க. மூணு செவத்துக்கு நடுவுல, இடுப்பளவு, கருப்பா.

நாலு மாசம் ராட்டினக் கயிறு இழுத்து கையெல்லாம் காச்சுப் போன ஜனம். ஆளாளுக்குக் குனிஞ்சு ஒரு பிடி அள்ளிப் பாத்தாங்க. கன்னியப்பன்தான் மெதுவாக் கேட்டாரு.

"யாரு கொண்டாந்து கொட்டுனது, இம்மாம் மண்ணு?"

"தேசிங்கண்ணன் கேங்கு. தலையில" அப்படின்னா பல்கீஸ். "கீழ போட்டா உங்க தலையில விழும்னு. எரிச்சா ஜன்னல்ல காயுற கொழந்தைத் துணியில பொகை அடிக்கும்னு."

சாந்தகுமாரி நிமிந்தாங்க.

"எந்த ஜன்னலு?"

தேசிங்கு கையைக் காட்டப் போனாரு. கை பின்னாடி கட்டியிருந்துச்சு. அதனால தாடையால காட்டினாரு.

சாந்தகுமாரி திரும்பித் தன் சமையல்கட்டு ஜன்னலைப் பாத்தாங்க. பக்கத்துல நின்ன தன் பொண்ணைப் பாத்தாங்க. அவ காலேஜ் மூணாவது வருஷம். நோட்டை மூடினாங்க.

"மொத விஷயம் முடிஞ்சுது" அப்படின்னாங்க. 'அதாவது' கூடச் சொல்லல.

அன்னிக்கே பசங்க அந்தக் கருப்பு மண்ணை முறத்துல அள்ளிட்டுப் போய், ஒவ்வொரு குச்சிக்குப் பக்கத்துலயும் கொட்டி வெதை போட்டாங்க. பத்தே நாள். வெண்டை மொளைச்சுது. மண்ணுக்குள்ள எத்தனை வருஷமா தூங்கிக்கிட்டு இருந்ததெல்லாம் கூடச் சேந்து மொளைச்சுது. வெண்டைக்கு மூச்சு விட எடமில்ல.

தேசிங்கு அப்பவும் கையைக் கட்டிக்கிட்டேதான் நடந்தாரு. யாரு சொல்லியும் கேக்கல.

பதினோராம் நாள் காலையில பல்கீஸ் அவருக்குப் பின்னாடி வந்து நின்னு, துண்டை அவுத்தா. ஒதறி, மடிச்சு, அவர் தோள் மேல போட்டா.

"ண்ணா, களை நெறைய வந்திருக்கு. பிடுங்குங்க."

தேசிங்கு பின்னால நகந்தாரு. "வேணாம் வாத்தியாரம்மா. கை தப்பிப் போயிரும். பசங்க செடி."

ஜன்னல்லேருந்து சாந்தகுமாரி குரல் வந்துச்சு. "நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். வெண்டைப் பக்கம் கை போச்சுன்னா, தோசைக் கரண்டி பறந்து வரும்!"

தேசிங்கு முட்டி போட்டாரு. மொத குச்சியில இருந்த பேரை வாய் விட்டுப் படிச்சாரு. "மோனிஷா." கன்னியப்பன் பொண்ணு. அந்த வெண்டையைச் சுத்தி ஒவ்வொண்ணா, மெல்ல, வேரோட எடுத்தாரு. அடுத்த குச்சி. அடுத்த பேரு. அறுபது பேரையும் படிச்சு முடிக்கிறப்ப வெயில் ஏறிடுச்சு.

களையெல்லாம் ஒரு கட்டா நாரால கட்டித் தூக்கி, தலையில வெச்சுக்கிட்டு நின்னாரு.

"இதை எங்கம்மா போடுறது?"

பல்கீஸ் குனிஞ்சு வேலை பாத்துக்கிட்டே சொன்னா.

"எப்பவும் போடுற எடத்துலதாண்ணா."