குரல் நிற்கும் இடம்

“குரல் நடுவுல நிக்க மாட்டீங்குதுங்க,” என்றார் சென்னியப்பன்.

குருவம்மா நிமிர்ந்து பார்த்தார்.

“எந்தப் பாட்டுல?”

“எல்லாப் பாட்டுலயும்.”

சென்னியப்பனுக்குச் சோமனூரில் விசைத்தறிக் கூடம். குருவம்மாவின் நிஜப் பெயர் ஸ்டெல்லா; சென்னியப்பனைவிடப் பத்து வயதாவது இளையவர். கோவையில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து, புதுப் பாட்டுகள் வெளியே போகும் முன் கடைசியாகக் கேட்டுச் சரிசெய்து தருவது அவர் தொழில். விலை உயர்ந்த ஹெட்போன் வாங்கிவிட்டுத் தூக்கம் கெட்டவர்கள் அந்த ஊரில் ஒரு கூட்டம் உண்டு. அவர்கள் கிண்டலாக வைத்த பெயர்தான் குருவம்மா. பிறகு கிண்டல் போய்விட்டது, பெயர் மட்டும் இருக்கிறது.

நல்ல ஹெட்போன் என்றால், பாடுகிறவர் இரண்டு காதுக்கும் நடுவில், நெற்றிக்கு நேராக நின்று பாட வேண்டும். சென்னியப்பனுக்கு மட்டும் பாடுகிற அம்மாள் வலது பக்கம் ஒதுங்கி நின்று பாடினாள், மாமனாரைக் கண்ட புது மருமகள் மாதிரி.

அவர் சும்மா இருக்கவில்லை. கேபிளை மாற்றினார். காது மெத்தையை மாற்றினார். ஆம்ப்ளிஃபையரை மாற்றினார். புது ஹெட்போனைச் சில நாள் பாடவிட்டுப் பழக்க வேண்டும் என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னதைக் கேட்டு, அதைத் துணி பீரோவுக்குள் வைத்து இரவும் பகலும் பாடவிட்டார். கடைசியில் வீட்டுக்கு வருகிற கரண்ட் மேலேயே சந்தேகப்பட்டார். இந்தக் கூட்டத்துக்கு அதுதான் வழக்கம்.

குருவம்மா ஹெட்போனை வாங்கித் தன் தலையில் மாட்டிக்கொண்டார். பாட்டு முடியும்வரை கண்ணை மூடிக் கேட்டார்.

“நல்லா இருக்குண்ணா.”

“நடுவுலயா நிக்கறாங்க?”

“நடுவுலதான் நிக்கறாங்க.”

சென்னியப்பனுக்குச் சுருக்கென்றது. இந்த அம்மா மேல் இவ்வளவு மரியாதை வைத்து வந்தோமே என்று நினைத்தார். ஆனாலும் எழுந்து போகவில்லை.

“நான் என்னதான் பண்ணட்டுங்க?”

“வீட்டுக்குப் போங்க. ஒரு சாயங்காலம் எதையும் போடாம உக்காருங்க. என்னென்ன கேக்குதுன்னு வந்து சொல்லுங்க.”

அவர் போனார்.

அடுத்த வாரம் வந்தார். பாடம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி வரிசையாகச் சொன்னார். ஃபிரிட்ஜ் முனகியது. பக்கத்து வீட்டில் குக்கர் கத்தியது. தறிக் கூடம் தூரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு காக்கா. கறிவேப்பிலை விற்கிறவன்.

குருவம்மா காத்திருந்தார்.

“அவ்வளவுதானுங்க.”

“வீட்டுல அக்கா எங்க இருந்தாங்க?”

“சாந்தாமணியா? பக்கத்துலதான் சோபாவுல உக்காந்து சின்ன வெங்காயம் உரிச்சுட்டிருந்தா.”

“அவங்க ஒண்ணும் பேசலையா?”

சென்னியப்பன் தரையைப் பார்த்தார்.

“அவ எங்கிட்ட பேசறதில்லைங்க.”

பிறகு தானாகவே சொன்னார். மகன் வெளியூர் போனதிலிருந்து மனைவி இப்படித்தானாம். போனில் தங்கச்சியோடு மணிக்கணக்கில் பேசுகிறாளாம். எதிர் வீட்டுக்காரியோடு சிரிக்கிறாளாம். இவரிடம் மட்டும் காபி கொடுக்கும்போது எதிரே நின்று இரண்டு வார்த்தை, சாப்பாடு போடும்போது இரண்டு வார்த்தை. ஒரு நாள் நேராகவே கேட்டாராம், என்ன கோபம் என்று. ‘சொன்னா மட்டும்?’ என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாளாம்.

“வீடு அமைதியாப் போச்சுங்க. அதனாலதானுங்க இந்த ஹெட்போனே வாங்குனேன். ஒரு குரலாச்சும் நம்மகிட்ட பாடட்டும்னு. அதுவும் ஒதுங்கி நின்னா மனசு கஷ்டமா இருக்குதுங்க.”

குருவம்மாவுக்கு அந்த மனிதர் மேல் சட்டென்று ஒரு பிரியம் வந்தது. அவர் எழுந்து சென்னியப்பனின் ஹெட்போனை எடுத்து வந்து, தன் கையாலேயே அவர் தலையில் மாட்டினார்.

சென்னியப்பன் பதறி அதைப் பிடித்தார்.

“மேடம், மாறிப் போச்சுங்க. வலத்துக் காதுக்கு உள்ளது இடத்துக் காதுல இருக்குது.”

“இருக்கட்டும்.”

“அப்படி மாட்டக் கூடாதுங்களே.”

“ஒரே ஒரு பாட்டு. குறை ஹெட்போன்ல இருந்தா, பக்கம் மாத்தி மாட்டுனதும் அந்தக் குரலும் பக்கம் மாறி இடது பக்கம் வரும். கேட்டுச் சொல்லுங்க.”

பாட்டு ஓடியது.

சென்னியப்பன் முகத்தைச் சுளித்தார். தலையை ஒரு பக்கம் சாய்த்தார். பிறகு மெதுவாக வலது கையைத் தூக்கிக் காட்டினார்.

குருவம்மா ஹெட்போனைக் கழற்றிச் சரியாக மாட்டினார்.

அவர் மறுபடியும் வலது கையைத் தூக்கினார்.

பிறகு அவரே கழற்றினார். அவரே திருப்பி மாட்டினார். மறுபடி கழற்றினார், மறுபடி மாட்டினார். குருவம்மா தடுக்கவில்லை. பாட்டு முதலில் இருந்து ஓடியது. அந்த அம்மாள் எப்படி மாட்டினாலும் வலது பக்கமே நின்று பாடினாள்.

கடைசியில் அதைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

“அப்ப ஹெட்போன்ல குறை இல்லீங்க.”

“இல்லைண்ணா. ரொம்ப நல்ல ஹெட்போன்.”

“கேபிளும்?”

“பழைய கேபிளே போதும்.”

அவர் இடது காதைத் தொட்டுப் பார்த்தார். அது இருக்கிற இடத்தில்தான் இருந்தது.

தறிக் கூடத்தில் அவர் மேசை எங்கே இருக்கிறது என்று குருவம்மா கேட்டார். வாசலை ஒட்டி, என்றார். இடது கைப்பக்கம் தறி. அப்பா காலத்திலிருந்து மேசை அங்கேதான். போன் எந்தக் காதில் வைத்துப் பேசுவீர்கள் என்று கேட்டார்.

“வலத்துல வெச்சாத்தானுங்க. இந்தப் பக்கம் டவர் எடுக்கறதில்லை.”

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. சிரிப்பு வரவில்லை.

நாளைக்கே காது டாக்டரைப் பாருங்கள், தள்ளிப் போடாதீர்கள் என்று குருவம்மா சொன்னார். சென்னியப்பன் தலையாட்டினார். ஆனால் பித்து அவ்வளவு லேசில் விடுமா? அதுவரைக்கும் இடது பக்கச் சத்தத்தை மட்டும் கொஞ்சம் கூட்டிக் கேட்டால் குரல் நடுவுக்கு வராதா என்று கேட்டார்.

“வரும்.”

குருவம்மா அவர் தலையில் ஹெட்போனை மாட்டி, மேசையில் ஒரு குமிழைப் பிடித்து மெல்லத் திருப்பினார். கொஞ்சம். இன்னும் கொஞ்சம்.

அந்த அம்மாள் நகர்ந்து வந்தாள். நெற்றிக்கு நேராக வந்து நின்றாள்.

சென்னியப்பன் அழுதார். அழுகிறோம் என்கிற வெட்கம்கூட இல்லாமல் பாட்டு முழுவதையும் கேட்டார். இத்தனை நாள் அலைந்தது இதற்குத்தான். கிடைத்துவிட்டது.

“இந்தக் குமிழ் எங்கங்க கிடைக்கும்?” என்று கேட்டார்.

“பாட்டுக்குத்தாண்ணா குமிழ்.”

அவருக்குப் புரியவில்லை.

குருவம்மா ஜன்னல் பக்கம் போனார். கீழே வேப்ப மரத்தடியில் சென்னியப்பனின் கார் நின்றது.

“அக்காவையும் கூட்டிட்டு வந்திருக்கீங்களா?”

“ஆமாங்க. பொள்ளாச்சியில ஒரு கல்யாணம். போற வழியில உங்களைப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன். மேல வான்னேன், நீங்க போயிட்டு வாங்கன்னுட்டா.”

“சோமனூர்ல இருந்து இங்க வரைக்கும் ஒண்ணாத்தான் வந்தீங்க.”

“ஆமாங்க.”

“வழியில ஒரு வார்த்தை பேசலையா?”

“இல்லீங்களே. நான் வண்டி ஓட்டுறேன், அவ பாட்டுக்குப் பக்கத்துல உக்காந்து…”

சென்னியப்பன் நிறுத்தினார்.

ஸ்டியரிங் பிடிக்கிற மாதிரி அவர் இரண்டு கையும் தானாக முன்னால் வந்திருந்தது. அந்தக் கைகளைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் தலையைத் திருப்பி, தனக்கு இடது பக்கம் பார்த்தார். அங்கே யாரும் இல்லை, குருவம்மாவின் பழைய நாற்காலி ஒன்று கிடந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.



அவர் எழுந்தார். ஹெட்போனை மேசையில் விட்டுவிட்டு மாடிப்படி இறங்கினார். செருப்பை மாட்டினாரா என்றுகூடத் தெரியவில்லை.

சாந்தாமணி காருக்குள் கண்ணாடியை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தாள். பட்டுப் புடவை, மடியில் மொய்க் கவர். அவர் வந்ததைப் பார்த்ததும் முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

சென்னியப்பன் ஓட்டுகிற பக்கம் போகவில்லை. அவள் பக்கத்துக் கதவைத் திறந்தார். சாவியை நீட்டினார்.

“நீ ஓட்டறயா?”

மகன் பள்ளிக்கூடம் போகிற காலத்தில் கார் ஓட்டியவள்தான். இந்த வண்டி வந்த பிறகு அவர் சாவியைக் கொடுத்ததில்லை. அவள் சாவியையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். கண் கலங்கியிருப்பதைக் கண்டு பயந்துபோனாள்.

“ஏனுங்க, உங்களுக்கு என்னாச்சுங்க?”

எதிரே இருந்து கேட்டதால் அது அவருக்கு நன்றாகவே கேட்டது.

“எனக்கு இந்தப் பக்கத்துக் காது கேக்கறதில்லை சாந்தாமணி.”

“எப்ப இருந்துங்க?”

“தெரியலையே. இப்பத்தான் தெரியுது.”

அவள் இறங்கவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே அந்தக் காதைப் பார்த்தாள். கையை நீட்டி, குழந்தைக்கு எண்ணெய் துடைப்பது போல் அதை ஒரு தரம் தடவினாள்.

பிறகு இறங்கிச் சுற்றிப் போய் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தாள். அவர் அவள் இருந்த இடத்தில் உட்கார்ந்தார். முதல் தரம் வண்டி குலுங்கி நின்றுவிட்டது. அவர் வாயைத் திறக்கவில்லை. இரண்டாம் தரம் கிளம்பியது.

உக்கடம் தாண்டியது. குளத்தங்கரை சிக்னலில் வண்டி நின்றது.

“அப்ப நான் கார்ல சொன்னது?”

“கேக்கலை.”

“பையன் போனப்ப, ஏர்ப்போர்ட்டுல இருந்து வர்றப்ப சொன்னது?”

“அதுவும் கேக்கலை சாந்தாமணி.”

“சோபாவுல உக்காந்து அழுதுட்டுச் சொன்னது?”

அவர் தலையாட்டினார்.

பச்சை விழுந்தது. பின்னால் இருந்தவன் ஹாரன் அடித்தான். அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு கியரைப் போட்டாள்.

“பொள்ளாச்சி வர்றதுக்குள்ள முடியாதுங்க,” என்றாள். “பரவால்ல. முதல்ல இருந்து சொல்றேன்.”