பக்கத்து இலை

வடிவு அந்த மணியைக் கொண்டுவந்து குருவின் முன்னால் வைத்தாள். வைத்தாள் என்பது மரியாதைக்குச் சொல்வது. மணி தரையில் உருண்டு போய் முருங்கைக்கீரைக் குவியலில் முட்டி நின்றது.

"இது உங்க ஆசிரமத்துச் சாமான், குருவம்மா. நீங்களே வச்சுக்கோங்க."

குரு கீரை உருவிக்கொண்டிருந்தார். சுற்றிலும் நாலைந்து சீடர்கள். அவர்களில் ஒருவன் வடிவின் கணவன் ஆதிமூலம். குருவைவிட வயதில் மூத்தவன். கண்ணை மூடி, முதுகை நிமிர்த்தி, ஒவ்வோர் இலையாக உணர்ந்து உணர்ந்து உருவிக்கொண்டிருந்தான். அங்கே இருந்ததிலேயே அவன் குவியல்தான் சின்னது.

"உட்காரு, தாயி."

"உட்கார வரலை. ஓடக்காரரை நிக்கச் சொல்லிட்டு வந்திருக்கேன்."

ஆசிரமத்துப் படிகள் இறங்கும் இடத்தில்தான் ஓடத்துறை. அக்கரையில் வடிவின் அம்மா வீடு. அவள் இடுப்பில் துணிமூட்டை இருந்தது.

ஆதிமூலம் கண்ணைத் திறந்து, அவளையும் மூட்டையையும் பார்த்து, புன்னகைத்தான். அந்தப் புன்னகையைக் கண்டாலே வடிவுக்குப் பற்றிக்கொண்டு வரும். நோயாளி உளறுவதை வைத்தியர் கேட்பாரே, அந்த மாதிரிப் புன்னகை.

"பாருங்க குருவே," என்றான் மெல்ல. "நான் சொன்னது இதைத்தான். நான் அமைதியாத்தான் இருக்கேன்."

"ஆமா, இருக்கார்! கல்லுகூட வெயில் பட்டா சுடும். இவருக்கு அதுவும் கிடையாது."

அந்த ஆசிரமத்தில் சேருகிறவர்களுக்கெல்லாம் குரு உள்ளங்கை அளவில் ஒரு வெண்கல மணி கொடுப்பார். கோபம் வந்தால் மணியை அடி, மூன்று முறை மூச்சை இழுத்து விடு, பிறகு பேசு. அவ்வளவுதான் பாடம். ஆதிமூலம் அதை பக்தியோடு வீட்டுக்குக் கொண்டுபோனான். தனக்காக அதை அவன் ஒரு தடவையும் அடித்ததில்லை. வடிவு குரலை உயர்த்தினால் அடித்தான். மூக்கைச் சிந்தினால் அடித்தான். உலை கொதிச்சு அடங்கப்போகுது, அரிசி வாங்கப் போன மனுஷன் எங்கே என்று அவள் வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தபோது, அரிசிப் பையைக் கீழே வைத்துவிட்டு முதலில் மணியை அடித்தான்.

"ஆதிமூலம், மணி யாருக்குக் கொடுத்தேன்?"

"எனக்கு, குருவே."

"யாருடைய கோபத்துக்கு?"

"வீட்டுல வர்ற கோபத்துக்கு. எனக்குத்தான் இப்பல்லாம் கோபமே வர்றதில்லையே."

குரு ஒரு காம்பை ஒடித்தார். அந்த மெலிந்த காம்புக்கு அவ்வளவு பலம் தேவையில்லை.

"நீயே சொல்லு தாயி. என்ன நடந்தது?"

வடிவு மூட்டையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். இத்தனை பேர் நடுவில் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று அவளுக்குக் கூச்சமாக இருந்தது. அதைத் தள்ளிக்கொண்டு குரல் வந்ததால் அது உரக்கத்தான் வந்தது.

"நேத்து இவங்க அண்ணன் வீட்டுப் பந்தியில, எல்லாரும் பார்க்க..."

மணி ஒலித்தது.

ஆதிமூலம்தான். கீரைக் குவியலிலிருந்து எடுத்து, அழகாக, ஒரே ஒரு தட்டு. "மூச்சு, வடிவு," என்றான் கனிவாக. "மூச்சை விட்டுட்டுச் சொல்லு."

வடிவு குருவைப் பார்த்தாள். குருவும் வடிவைப் பார்த்தார். ஒரு சீடன் சிரிப்பை அடக்கத் தலையைக் குனிந்துகொண்டான்.

"இதைத்தான் சொல்ல வந்தேன்," என்றாள் வடிவு. "வேற ஒண்ணும் இல்லை. நான் வர்றேன்."

"ஒரே நிமிஷம்." குரு ஆதிமூலத்தின் கையிலிருந்து மணியை வாங்கிக்கொண்டார். "அவள் நேற்றே உன்கிட்ட இதைச் சொல்ல வந்தாளா?"

"வந்தா. குரல் ரொம்ப மேல இருந்துது. மூச்சு ஒரு சீரா இல்லை. 'எப்பவும் நீங்க இப்படித்தான்'னு ஆரம்பிச்சா. எப்பவும்ங்கிற சொல்லே வரக்கூடாதுன்னு நீங்கதானே..."

"என்ன சொன்னாள்?"

"அதுக்குள்ள மணி அடிச்சுட்டேன், குருவே."

குரு மணியைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, "சரி, பந்தியில் சாப்பாடு எப்படி?" என்றார்.

வடிவுக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. குடும்பம் இரண்டாகிக்கொண்டிருக்கிறது, இந்த அம்மாள் சாப்பாட்டை விசாரிக்கிறாள்! எல்லாம் ஒரே கூட்டம் என்று நினைத்துக்கொண்டு திரும்பப் போனாள். குரு அவளைப் பார்த்து ஒரு கையை லேசாக உயர்த்தினார். ஏனோ நின்றாள்.

ஆதிமூலத்தின் முகமோ மலர்ந்துவிட்டது. "நீங்க சொன்னபடியே கண்ணை மூடி, ஒவ்வொரு கவளமா கவனிச்சுச் சாப்பிட்டேன். புடலங்காய்க் கூட்டுல மிளகு ஒரு துளி தூக்கல். அப்பளம் நொறுங்குறது முதல்ல விரலுக்குத் தெரிஞ்சுது, அப்புறந்தான் காதுக்குக் கேட்டுது. பாயசத்துல ஏலக்காய்க்குப் பின்னால பச்சைக் கற்பூரம் ஒளிஞ்சிருந்தது, குருவே! பக்கத்துல உட்கார்ந்திருந்த யாருக்கும் அது தெரிஞ்சிருக்காது."

"பிரமாதம். பக்கத்து இலையில் யார்?"

"வடிவு."

"பாயசம் வரும்போது?"

"வடிவுதான்..." என்றவன் நிறுத்தினான். நெற்றி சுருங்கியது. "இல்லை. முடிச்சுட்டுக் கண்ணைத் திறந்தப்ப யாரோ ஒருத்தர். ஜரிகை வேட்டி."

"வடிவு?"

முதல் முறையாக அவன் அவளை, அவள் குரலையோ மூச்சையோ அல்லாமல் அவளை, திரும்பிப் பார்த்தான்.

"அந்த ஜரிகை வேட்டி சம்பந்தி வீட்டுச் சித்தப்பா," என்றாள் வடிவு. இப்போது அவள் குரல் உயரவே இல்லை. "அவருக்கு இடம் இல்லையாம். உங்க அண்ணன் வந்து என் தலைக்கு மேல நின்னு, 'நீ எந்திரி, உனக்கு அப்புறம் போடச் சொல்றேன்'னார். சோறு பிசைஞ்ச கையோட எந்திரிச்சேன். என் இலையை எடுத்துட்டு அவருக்குப் புது இலை போட்டாங்க. வரிசை மொத்தமும் பார்த்துச்சு. நான் உங்களைத் தொட்டுக்கூடக் கூப்பிட்டேன். நீங்க மென்னுக்கிட்டு இருந்தீங்க."

வடிவு படியிறங்கிப் போனாள். நிதானமாகத்தான் போனாள். ஓடத்தில் ஏறி, மூட்டையை மடியில் வைத்து, அக்கரையைப் பார்த்து உட்கார்ந்தாள். ஓடக்காரர் கழியை எடுத்தார்.

படியின் மேலே ஆதிமூலம் எழுந்து ஓடிவரும் சத்தம் கேட்டது. அவள் திரும்பவில்லை.

"வடி..."

மணி அடித்தது. அவளுக்குத் தெரிந்த மணிதான். உடம்பு தானாக விறைத்தது.

"மூச்சு, ஆதிமூலம்," என்று குருவின் குரல் கேட்டது.

பழக்கம் விடுமா? அவன் மூச்சை இழுத்து விட்டான். ஓடம் கரையை விட்டு ஒரு முழம் நகர்ந்தது. அவன் கற்ற பாடப்படி, கனிவாக, "வடிவு," என்றான். ஆற்றுச் சத்தத்தில் அது அவன் காதுக்கே கேட்டிருக்காது.

"வடிவு, நில்லு!"

மணி.

"குரல் மேல போகுது, ஆதிமூலம்."

"அவ போறா, குருவே!"

மணி.

"இதையே அன்பா, மெதுவா எப்படிச் சொல்லலாம்னு..."

"அடச்சே! கீழ வைங்க அந்த மணியை!"

படித்துறை மரத்திலிருந்து கொக்குகள் எழும்பின. வடிவு திரும்பிவிட்டாள். அந்தக் குரலை அவள் அவன் வீட்டுக்கு வாழ வந்த நாளிலிருந்து கேட்டதில்லை. படியில் நின்ற சீடர்கள் சிலைபோல் நின்றார்கள். குருவையே அதட்டிவிட்டானே!

குரு மணியைக் கீழே வைத்தார். "அப்பாடா," என்றார்.

ஆதிமூலம் அதற்குள் முழங்கால் தண்ணீரில் இறங்கி ஓடத்தின் விளிம்பைப் பிடித்துவிட்டான். மூச்சு கன்னாபின்னா என்று வாங்கியது. முகம் சிவந்து, கண் கலங்கி, வேட்டியெல்லாம் சேறு.

"என்ன தாயி, தள்ளவா வேண்டாமா?" என்றார் ஓடக்காரர். "எனக்கு அக்கரையில ஆள் நிக்குது."

"கொஞ்சம் இருங்கண்ணே," என்றாள் வடிவு. மூட்டையை மடியிலிருந்து இறக்கவில்லை.

ஆதிமூலம் அவளைப் பார்த்தான். பிடித்த விளிம்பை விடாமல் தலையை மட்டும் படிப்பக்கம் திருப்பினான்.

"குருவே, நான் இப்ப இவகிட்ட என்ன சொல்லணும்?"

குரு கீரை உருவப் போய்க்கொண்டிருந்தவர், எரிச்சலோடு நின்றார்.

"நீ எதுக்குய்யா சொல்லணும்? அவள் இன்னும் சொல்லி முடிக்கலை."