வளையாத பக்கம்

"வாத்தியாரம்மா, இந்த மரத்துக்கும் எனக்கும் ஆகலை" என்றார் எத்திராசு.

முறிந்த வில்லைத் தரையில் போட்டார். ஏற்கெனவே அங்கே ஒன்று முறிந்து கிடந்தது.

எத்திராசுக்கு அறுபது தாண்டிவிட்டது. அவருக்கு வில் செய்யக் கற்றுக்கொடுக்கும் பொன்னரசிக்கு நாற்பதுகூட ஆகவில்லை. மலையடிவாரத்தில் அவளுடைய பட்டறை.

"ஆகலைன்னா வீட்டுக்குப் போங்கண்ணே."

"போக முடியாதும்மா."

உண்மைதான். விஜயதசமி அன்று கோயில் வாசலில் வாழைமரத்தில் அம்பு விடும் உரிமை காலங்காலமாகப் பெரிய வீட்டாரிடம் இருந்தது. எத்திராசின் கீழத்தெரு மனுக் கொடுத்தது. மறியல் செய்தது. அடியும் வாங்கியது. மனுவை வாங்கிய அதிகாரிகள் ஓய்வு பெற்றார்கள். மனு ஓய்வு பெறவில்லை.

இந்த ஆண்டு கீழத்தெருவுக்கு முறை கிடைத்தது. வில்லையும் அவர்களே செய்துகொள்ள வேண்டும் என்றார் பெரிய வீட்டுக்காரர். சபையில் வில் முறிந்தால் அடுத்த ஆண்டு முறை பழைய இடத்துக்கே போகும்.

"இன்னும் ஒரு பலகைதான் இருக்கு" என்றாள் பொன்னரசி.

சடச்சி மரப் பலகை. ரேகை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை விலகாமல் ஓடியது. நடுவில் பிடிக்குத் தடிப்பு விட்டு, இருபுறமும் வில்லின் கைகள் ஒடுங்கிப் போகும்படி எத்திராசு அறுத்தார். இழைத்தார். கயிறு கட்டிச் சுவர் முளையில் மாட்டினார்.

பொன்னரசி கயிற்றைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்தாள்.

வில்லின் இடக்கை அழகாக வளைந்தது. வலக்கை போலீஸ் லத்தி மாதிரி விறைத்து நின்றது.

"அடுத்து எந்தக் கையை இழைப்பீங்க?"

"இடக்கையைத்தான்."

"ஏன்?"

"அதுதான் நல்லா வளையுது. இன்னும் இழைச்சா இன்னும் வளையும்."

"வலக்கை?"

"அது கிடக்குது. தலைக்கனம் புடிச்சது. அதுகூட யாரு மல்லுக்கட்டுறது?"

பொன்னரசி கயிற்றை விட்டாள். தரையில் கிடந்த வில்களை எடுத்து ஒவ்வொன்றாக அவர் கையில் கொடுத்தாள்.

"இதுல எந்தக் கை ஒடிஞ்சது?"

"இடது."

"இதுல?"

எத்திராசு திருப்பிப் பார்த்தார். அதிலும் ஒடிந்தது இடக்கைதான்.

"அந்த இடக்கை உங்களுக்கு என்னண்ணே கெடுதல் பண்ணுச்சு?"

"சொன்னதைக் கேட்டுச்சு" என்றார் எத்திராசு.

பொன்னரசிக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்சம் தாமதித்து எத்திராசுக்கும் வந்தது. பட்டறைக் கூரையில் இருந்த புறாக்கள் பறந்துபோயின.

"முதல் நாளே சொல்லியிருக்கலாமேம்மா."

"சொன்னேன். நீங்க அப்ப பேசிக்கிட்டிருந்தீங்க."

எத்திராசு வில்லைத் திருப்பி வைத்தார். இழைப்புளியை வலக்கையின் மேல் அழுத்தினார். மரம் எதிர்த்தது. அவரும் விடவில்லை. வியர்வை சொட்டச் சொட்டச் சுருள் விழுந்தது. பொழுது சாயும்போது இரண்டு கைகளும் ஒன்றுபோல் வளைந்தன.

விஜயதசமி வந்தது. பெரிய வீட்டார் முறியும் சத்தத்துக்காகக் காத்திருந்தார்கள்.

எத்திராசு நாணைக் காதுவரை இழுத்தார். வில் முனகக்கூட இல்லை. அம்பு வாழைத்தண்டில் ஏறி நின்று ஆடியது.

பறை முழங்கியது. கீழத்தெருவில் ஆடத் தெரியாதவர்களும் ஆடினார்கள். பொன்னரசியும் ஆடினாள். பெரிய வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேர், அப்பா பார்க்காதபோது, கைதட்டினார்கள்.

அடுத்து விருந்து. சோற்று அண்டாவை ஆற்றங்கரை அடுப்பிலிருந்து தூக்கி வர வேண்டும்.

யாரும் கூப்பிடுவதற்கு முன்பே சடையன் துண்டைத் தோளில் மடித்துப் போட்டுக்கொண்டு வந்து நின்றான். மறியலில் முன்வரிசையும் அவன்தான், கொடிக்கம்பம் சுமந்ததும் அவன்தான். இல்லை என்று சொல்லத் தெரியாதவன். இப்போதெல்லாம் ஒரு பக்கம் சாய்ந்து நடக்கிறான்.

எத்திராசு அவனைப் பார்த்தார். கையிலிருந்த வில்லைப் பார்த்தார்.

"நீ உக்காருடா சடையா. முதல் இலை உனக்கு."

"அப்ப அண்டா?"

எத்திராசு வேப்பமரத்தடிக்குப் போனார். அங்கே காளிமுத்து காலை நீட்டிச் சுண்டல் தின்றுகொண்டிருந்தான். ஆள் மலைபோல் இருப்பான். தெருவுக்காக ஒரு செங்கல்லைக்கூட நகர்த்தியதில்லை.

"காளிமுத்து, சுண்டலைக் கீழே வை. அண்டா தூக்கணும்."

"நானா? என் இடுப்பு வளையாதுண்ணே."

"தெரியும்" என்றார் எத்திராசு. "அதான் வந்தேன்."