கண்ணாடி ஓரம் வந்து நிற்கும் மீன்

அன்னூர்ப் பக்கம் வெள்ளியங்கிரி சாமி என்று ஒருவர் இருந்தார். நாற்பது வயதுகூட இருக்காது. உபதேசமெல்லாம் பெரிதாகக் கிடையாது. காலையில் யார் போனாலும் உட்காரவைத்துத் தன் கையாலேயே இட்லி பரிமாறுவார். கேட்க வந்ததை அப்போதே கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

சிஷ்யர்களில் வயதில் மூத்தவர் தெய்வாத்தாள் டீச்சர். பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். சாமிக்கும் அவர் டீச்சர்தான். வீட்டுக்காரர் காலமான பிறகு, ஒரு நாள் தவறாமல் காலையில் வந்துவிடுவார்.

அன்றைக்கு டீச்சர் முகமே சரியில்லை.

“அவர் வளர்த்த மீனுங்க சாமி. தொட்டி நிறைய இருந்துச்சு. அவர் போனதிலிருந்து ஒண்ணொண்ணாச் செத்து, இப்ப ஒண்ணே ஒண்ணுதான் இருக்குது. அதுவும் போயிருச்சுன்னா அந்த வீட்டுல எனக்கு யாருங்க?”

“சாப்பாடு போடறீங்களா?”

“என்னங்க இப்படிக் கேக்கறீங்க. அதுல குறையே வெக்கறதில்ல. நான் அந்தப் பக்கம் போனாப் போதும், ஓடி வந்து கண்ணாடியில மூக்க முட்டிக்கிட்டு நிக்கும். பாவம், பசியாக்கும்னு ஒரு சிட்டிகை போட்ருவேன். ஒரு நாளைக்கு எத்தனை தடவைங்க சாமி போடறது?”

“மொதல்ல சாப்பிடுங்க டீச்சர்.”

டீச்சர் இரண்டு இட்லியை முடித்துவிட்டு, பதில் வரும் என்று நிமிர்ந்து பார்த்தார். சாமி ஓர் இட்லி வைத்தார். மரியாதைக்கு அதையும் சாப்பிட்டுவிட்டு நிமிர்ந்தார். இன்னொன்று வைத்தார். “சாமி...” என்று வாயெடுத்தார். இன்னொன்று விழுந்தது, சட்னியோடு. டீச்சர் இரண்டு கையாலும் தட்டை மூடிக்கொண்டார்.

“நான் கேக்கவே இல்லீங்களே சாமி.”

“என்னப் பாத்தீங்களே.”

“பேசலாம்னு பாத்தேனுங்க.”

“பசியாக்கும்னு நெனச்சேன்.”

டீச்சர் கையை எடுத்துத் தட்டைப் பார்த்தார். கடைசி இரண்டு இட்லியும் சட்னியில் ஊறிக் கிடந்தன. கணக்கு டீச்சருக்கு இது புரிய இவ்வளவு நேரம் ஆகியிருக்கக் கூடாது.

“அப்ப நாந்தான் கொன்னுட்டேனா?”

சாமி அவர் கையைக் காட்டினார்.

“உங்களுக்குத் தடுக்கறதுக்குக் கை இருக்குது. அதுக்கு இல்ல. தின்னது போக மிச்சம் தொட்டியிலயே அழுகிப்போகுது. அந்தத் தண்ணியிலதான் அது மூச்சு விடோணும். காலைல ஒருக்கா போடுங்க, ரெண்டு நிமிஷத்துல தின்னு முடிக்கற அளவுக்கு. அது போதும். தண்ணியக் கொஞ்சங்கொஞ்சமா மாத்துங்க.”

“சரிங்க.”

டீச்சர் எழுந்திருக்கவில்லை.

“ஆனா மத்த நேரமெல்லாம் அது வந்து நிக்குமே சாமி. குடுக்கறதுக்கு ஒண்ணுமில்லாம, வெறுங்கையோட அது முன்னால போயி எப்படிங்க நிக்கறது?”

சாமி இட்லிப் பாத்திரத்தை மூடி ஓரமாக வைத்துவிட்டு, அவருக்கு எதிரே உட்கார்ந்தார்.

“தெனமும் இங்க வர்றீங்களே டீச்சர். இட்லிக்கா வர்றீங்க?”